விசார்டின் கையைக் கட்டாமல் ஃபைட்டருக்கு இடம் கொடுப்பது எப்படி: புதிய டிஎம்களுக்கு ஒரு வழிகாட்டி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டை நடத்த ஆரம்பித்துக் கொஞ்ச நாள் ஆன எந்த டிஎம்மிடம் (டஞ்சன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்) பேசினாலும் இந்தப் புகார் வந்துவிடும். கேரக்டர்கள் ஐந்தாம் லெவலைத் தொட்டதும் மந்திரவாதியான விசார்ட் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை வீசுகிறார், சண்டை அங்கேயே முடிந்துவிடுகிறது, வாளை உருவிக்கொண்டு ஓடிய ஃபைட்டருக்கு வெட்ட ஆளில்லை. அடுத்த வாரம் டிஎம் என்ன செய்வார் என்றால், எதிரே வருகிற மான்ஸ்டர் எல்லாவற்றுக்கும் நெருப்பு உறைக்காத தோலைக் கொடுத்துவிடுவார். விசார்ட் ஆடுபவருக்குக் கோபம் வரும், ஃபைட்டர் ஆடுபவருக்கோ அதனால் எந்த லாபமும் இருக்காது, ஏனென்றால் அவருக்குச் செய்வதற்கு என்று புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரை ஐந்தாம் பதிப்பை நடத்துகிறவர்களுக்கு. 2014 விதிகளோ 2024-இல் திருத்தி வந்த விதிகளோ எதுவானாலும் சரி, எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மந்திரம் பலமாக இருப்பதில் தப்பே இல்லை, பலமாகத்தான் இருக்க வேண்டும். கோளாறு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, ஒரு நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய ஸ்லாட்டுகளை (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்புகளை) ஒரே சண்டையில் கொட்டித் தீர்க்க டிஎம் இடம் கொடுப்பது. இரண்டு, சண்டை இல்லாத நேரத்தில் விசார்ட் பகடை உருட்டாமலே சாதிக்கிற காரியத்துக்கு மற்றவர்களை மூன்று முறை உருட்டச் சொல்வது. இரண்டுமே நம் கையில்தான் இருக்கின்றன. இவற்றைச் சரிசெய்தால் முக்கால்வாசிப் பிரச்சனை விதிகளைத் தொடாமலே போய்விடும்.

முதல் படி: கணக்குப் போட்டுப் பாருங்கள்

உணர்ச்சியில் முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் எண்களை எழுதுங்கள். ஐந்தாம் லெவல் ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வோர்ட். ஒரு டர்னுக்கு இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் 2டி6+4 (இரண்டு ஆறுமுகப் பகடையோடு 4), சராசரி 11. எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட இருபது முகப் பகடையில் எட்ட வேண்டிய எண், 15 என்றால் +7 வைத்துக்கொண்டு 65 சதவீதம் பட வாய்ப்பு. ஆக ரவுண்டுக்கு ஏறத்தாழ 14 டேமேஜ். அதே லெவல் விசார்ட், இன்டெலிஜன்ஸ் 18, ஃபயர்பால் போடுகிறார்: 8டி6, சராசரி 28, சேவ் செய்தவர்களுக்கு, அதாவது தப்பிக்கும் உருட்டலில் ஜெயித்தவர்களுக்கு, பாதி. டெக்ஸ்டெரிட்டி +2 உள்ள எதிரிகள் டிசி (எட்ட வேண்டிய எண்) 15-ஐ எதிர்த்து உருட்டினால் ஆளுக்குச் சராசரி 22-க்கு மேல் போகும். நாலு பேர் கும்பலாக நின்றால் ஒரே டர்னில் 90. ஃபைட்டர் ஆறு ரவுண்டு வெட்டினால்தான் அந்த எண் வரும்.

இதைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம், கணக்கு இன்னும் முடியவில்லை. அந்த விசார்டிடம் மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டே இரண்டுதான். ஆர்கேன் ரெகவரி என்ற விசார்டின் திறமை மூலம் இன்னொன்றைத் திரும்ப எடுக்கலாம். மொத்தமாகப் பார்த்தால் முதல், இரண்டாம், மூன்றாம் லெவலில் நாளுக்கு 4, 3, 2 என்று ஒன்பது ஸ்லாட். அவை தீர்ந்தால் கையில் இருப்பது ஸ்லாட் கேட்காத ஃபயர் போல்ட், 2டி10, சராசரி 11, பட வாய்ப்பு அதே 65 சதவீதம், ஆக ரவுண்டுக்கு 7. ஃபைட்டர் செய்வதில் சரியாகப் பாதி. இப்போது ஒரு நாளில் ஆறு சண்டை, சண்டைக்கு மூன்று ரவுண்டு என்று வையுங்கள். பதினெட்டு ரவுண்டில் கிட்டத்தட்டப் பாதியில் விசார்ட் ஃபயர் போல்ட்தான் எறிய வேண்டியிருக்கும், அதுவும் ஷீல்ட், மேஜ் ஆர்மர் என்று தற்காப்புக்கு ஒரு ஸ்லாட்டும் செலவழிக்காமல் இருந்தால். ஃபைட்டர் பதினெட்டு ரவுண்டும் 14 வீதம் வெட்டிக்கொண்டே இருப்பார், நடுவில் ஆக்ஷன் சர்ஜ் (ஒரே டர்னில் இன்னொரு ஆக்ஷன்) வேறு. நாள் நீளமாக இருந்தால் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் வருகிறார்கள், ஒரே ஒரு சண்டையோடு நாள் முடிந்தால் விசார்ட் எங்கேயோ போய்விடுகிறார். விதிகளை எழுதியவர்கள் நீளமான நாளை நினைத்துத்தான் எழுதினார்கள். 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள், நடுவில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் (ஒரு மணி நேர ஓய்வு) என்றே சொல்கிறது.

இரண்டாம் படி: நாளை நீட்டுங்கள்

இந்தப் படியை மட்டும் செய்துவிட்டு மீதியை விட்டாலும் பெரிய மாற்றம் தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அமர்வில் ஆறு சண்டை நடத்த யாராலும் முடியாது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு சண்டை, கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் தேடல், அவ்வளவுதான். இங்கேதான் புதிய டிஎம்கள் தடுமாறுகிறார்கள்: அமர்வு முடிந்தால் ஆட்டத்துக்குள்ளும் நாள் முடிய வேண்டும் என்று தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. கோட்டைக்குள் நுழைந்த நாள் மூன்று அமர்வு வரை ஓடட்டும். அமர்வு முடியும்போது ஒவ்வொருவரும் தங்கள் மீதி ஹிட் பாயிண்ட்டையும் (உயிர்ப் புள்ளிகளையும்) ஸ்லாட்டையும் தாளில் குறித்துக்கொண்டு போக வேண்டும், அடுத்த வாரம் அங்கிருந்தே தொடங்க வேண்டும். சம்பளம் வந்த மறுநாளே அடுத்த சம்பளமும் வரும் என்றால் யாரும் சிக்கனமாக இருக்க மாட்டார்கள், ஸ்லாட்டும் அப்படித்தான். ஸ்லாட்டெல்லாம் திரும்பும் அடுத்த லாங் ரெஸ்ட் (எட்டு மணி நேர ஓய்வு) எப்போது வரும் என்று விசார்டுக்கு நிச்சயமாகத் தெரியாமல் இருந்தாலே போதும், அவர் ஃபயர்பாலைப் போடுவதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்தில் ஃபைட்டருக்கு ஆட்டம் கிடைக்கும்.

அப்புறம், ஆறு மோதலும் வாள் சண்டையாக இருக்க வேண்டியதில்லை. ஸ்லாட்டையோ ஹிட் பாயிண்ட்டையோ தின்கிற எதுவும் மோதல்தான். இடிந்து விழும் பாலம், வெள்ளம் ஏறும் சுரங்கம், காயம்பட்ட பிணைக்கைதியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது, காவலனை ஏமாற்றிவிட்டு உள்ளே போவது. இதற்கெல்லாம் விசார்ட் மந்திரம் போட்டால் போடட்டும், சந்தோஷமாக விடுங்கள். பறக்க வைக்கும் ஃப்ளையில் ஒரு ஸ்லாட் போனால் அன்றைக்கு ஒரு ஃபயர்பால் குறைகிறது.

ஆட்டக்காரர்கள் இரண்டு சண்டை முடிந்ததுமே படுத்துத் தூங்கப் பார்ப்பார்கள், அது இயல்பு. "தூங்கக் கூடாது" என்று சொல்லாதீர்கள், தூங்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். சடங்கு நள்ளிரவில் நடக்கிறது. கடத்தியவர்கள் விடிவதற்குள் படகேறிவிடுவார்கள். எட்டு மணி நேரம் விட்டால் கோட்டைக்காரர்கள் செத்துக் கிடக்கும் காவலர்களைப் பார்த்துவிட்டுக் கதவை அடைத்துவிடுவார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்ட் தான் என்பது விதியிலேயே இருக்கிறது, காலை பத்து மணிக்கு எழுந்தவர்கள் மதியம் பன்னிரண்டுக்கு மறுபடி தூங்கிப் பலன் பெற முடியாது. இதைப் பல மேசைகளில் யாருமே கவனிப்பதில்லை.

நெடும் பயணக் கதையாக இருந்தால், நாளுக்கு ஒரு சண்டைக்கு மேல் வைக்கவே முடியாது என்றால், 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில் கிரிட்டி ரியலிசம் என்று ஒரு மாற்று விதி இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். காட்டுப் பயணத்துக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் மேஜ் ஆர்மர் மாதிரி எட்டு மணி நேரம் நிற்கிற மந்திரங்கள் இதில் மதிப்பிழந்துவிடும், நிலவறைக்குள் இறங்கினால் மொத்தமும் இழுவையாகிவிடும். அதனால் எனக்குப் பிடித்தது இதைவிட எளிது: லாங் ரெஸ்ட் என்பது பாதுகாப்பான இடத்தில் மட்டும், அதாவது ஊர், கோயில், நட்பான முகாம். காட்டில் படுத்தால் ஷார்ட் ரெஸ்ட் பலன்தான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கேம்பெயின் (அமர்வு அமர்வாக ஓடும் முழுக் கதை) தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், கேரக்டர் உருவாக்கிய பிறகு மாற்றினால் அது ஏமாற்றுவது மாதிரி ஆகிவிடும்.

ஷார்ட் ரெஸ்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபைட்டரின் ஆக்ஷன் சர்ஜும் செகண்ட் விண்டும் (தன் காயத்தைத் தானே ஆற்றுவது), மங்க் வகுப்பின் கீ என்ற சக்திப் புள்ளிகளும், வார்லாக் என்ற இன்னொரு மந்திரக்காரரின் ஸ்லாட்டுகளும் ஷார்ட் ரெஸ்ட்டில்தான் திரும்புகின்றன. ஐந்தாம் லெவல் வார்லாக்குக்கு ஸ்லாட் இரண்டே இரண்டு. நாளில் ஷார்ட் ரெஸ்ட்டே இல்லை என்றால் அவர் இரண்டு மந்திரத்தோடு முடிந்தார். ஒரு மணி நேரம் உட்கார எதிரிக் கோட்டைக்குள் யாருக்கும் மனம் வராது என்பது நியாயமான கவலை. அப்படியானால் ஷார்ட் ரெஸ்ட்டைப் பத்து நிமிடமாகக் குறைத்து, நாளுக்கு இரண்டு முறைதான் என்று வரம்பு போடுங்கள். பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு இது உடனே புரியும், அதிலும் லாங் ரெஸ்ட்டுக்கு நடுவே இரண்டு ஷார்ட் ரெஸ்ட் தான், நேரமும் ஆகாது.

மூன்றாம் படி: இருக்கிற விதிகளை முதலில் பின்பற்றுங்கள்

புது விதி கண்டுபிடிக்கும் முன் பழைய விதிகள் உங்கள் மேசையில் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். மந்திரத்துக்கான கடிவாளங்களை விதிப்புத்தகமே நிறைய வைத்திருக்கிறது, அவசரத்தில் மேசையில் அவை விழுந்துவிடுகின்றன.

கான்சென்ட்ரேஷன் முதலாவது. ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தில்தான் கவனம் வைக்க முடியும், அடிபட்டால் கான்ஸ்டிட்யூஷன் சேவ், டிசி 10 அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது பெரிதோ அது. ஒவ்வொரு அடிக்கும் தனித்தனி சேவ் என்பதை மறக்காதீர்கள். கான்ஸ்டிட்யூஷன் +2 மட்டுமே உள்ள விசார்ட் ஒரு சேவில் தோற்க வாய்ப்பு 35 சதவீதம். மூன்று காப்ளின்கள் மூன்று அம்பு எய்து மூன்றும் பட்டால் மூன்றையும் தாண்டி மந்திரத்தைப் பிடித்துவைக்க வாய்ப்பு நாலில் ஒன்றுக்குச் சற்று மேல்தான். எதிரிகளை மயக்கி நிறுத்தும் ஹிப்னாட்டிக் பேட்டர்ன் போட்ட விசார்டை உடைக்கப் பெரிய மான்ஸ்டர் வேண்டாம், வில் பிடித்த நாலு சில்லறை ஆட்கள் போதும். அவர்களைத் தடுத்து நிறுத்த யார் வேண்டும்? கேடயம் பிடித்த ஃபைட்டர். விசார்டைக் காப்பாற்றுவது ஒரு உண்மையான வேலையாக மாறும்போது ஃபைட்டர் ஆடுபவரின் முகமே மாறிவிடும்.

அடுத்தது, மந்திரம் போடுவது கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் செயல். பெரும்பாலான மந்திரங்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கையை அசைக்க வேண்டும். அரசவையில் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் அமைச்சர் மீது, சொன்னதைச் செய்ய வைக்கும் சஜெஷன் போட முடியாது, பக்கத்தில் நிற்கும் காவலர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். சார்ம் பெர்சன் போட்டால் காலம் முடிந்ததும் தன்னை மயக்கியது அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும், கடைக்காரர் ஊர் முழுக்கச் சொல்வார். இதில் தளர்வு காட்டினால் அடி வாங்குவது இன்னொரு ஆட்டக்காரரும்கூட: சார்சரர் என்ற மந்திரக்காரர் தன் மெட்டாமேஜிக் (மந்திரத்தை வளைக்கும் திறமை) தேர்வுகளில் ஒன்றைச் செலவழித்து சப்டில் ஸ்பெல் வாங்கியிருப்பார், சத்தமும் அசைவும் இல்லாமல் மந்திரம் போடுவதற்காகவே. அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தால் அவர் வாங்கியது வீண்.

பிறகு, மந்திரத்தின் வரிகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம், முதல் முறை போடும்போது எல்லோரும் கேட்கப் படிப்பது என்று பொது வழக்கமாக்கிவிடுங்கள். நாக் பூட்டைத் திறக்கும், கூடவே 300 அடி தூரம் கேட்கிற மாதிரி ஒரு தட்டல் சத்தமும் வரும். திருட்டுக் கலை தெரிந்த ரோக் சத்தமில்லாமல் திறப்பார், அதுதான் அவர் மதிப்பு. இன்விசிபிலிட்டியில் உருவம்தான் மறையும், காலடிச் சத்தம் மறையாது, ஸ்டெல்த் (பதுங்கி நகர்வது) உருட்டியே ஆக வேண்டும். ஃபயர்பாலுக்கு 20 அடி ஆரம், அதாவது குறுக்களவு 40 அடி, 2014 விதியில் மூலை திரும்பியும் பரவும், யாரும் அணிந்திராத பற்றக்கூடிய பொருட்களைக் கொளுத்தும். சின்ன அறைக்குள் போட்டால் நண்பர்களும் உள்ளே, மேசை மேல் இருந்த ரகசியக் கடிதமும் உள்ளே. டைனி ஹட் என்ற மந்திரக் கூடாரத்துக்குள் எட்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம்தான், ஆனால் வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கூடாரம் தெரியும், அவர்களும் எட்டு மணி நேரம் தயாராகலாம். எதிரியிடம் மந்திரத்தைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் இருந்தால் கதையே வேறு.

டர்னுக்கு எத்தனை மந்திரம் என்பதிலும் குழப்பம் அதிகம். 2014 விதியில் போனஸ் ஆக்ஷனில் (டர்னில் கூடுதலாகக் கிடைக்கும் சின்னச் செயல்) ஒரு மந்திரம் போட்டால் அதே டர்னில் இன்னொன்றாக கேன்ட்ரிப் (ஸ்லாட் கேட்காத சிறு மந்திரம்) மட்டும்தான். 2024-இல் இன்னும் சுலபமாக்கிவிட்டார்கள், ஒரு டர்னில் ஒரு ஸ்லாட்டைத்தான் மந்திரத்துக்குச் செலவழிக்க முடியும். பொருள் விலையையும் விடாதீர்கள்: செத்தவரை எழுப்பும் ரிவைவிஃபைக்கு 300 பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும், போட்டால் அது போய்விடும். மந்திரக் கைத்தடியோ மந்திரப் பொருள் பையோ இருக்கிறது என்பதற்காக விலை குறிப்பிட்ட பொருள் இல்லாமல் தப்பிக்க முடியாது.

நாலாம் படி: பகடையைக் கேட்கும் முன் யோசியுங்கள்

டேமேஜ் கணக்கைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

விசார்ட் "நான் ஸ்பைடர் கிளைம்ப் போட்டுச் சுவரில் ஏறுகிறேன்" என்கிறார். டிஎம் "சரி, ஏறிவிட்டீர்கள்" என்கிறார். ரோக் "நான் சுவரில் ஏறுகிறேன்" என்கிறார். டிஎம் உடனே அத்லெடிக்ஸ் உருட்டச் சொல்கிறார், பாதியில் இன்னொன்று, மேலே போனதும் ஸ்டெல்த். மூன்றில் ஒன்று தோற்றாலும் காரியம் கெட்டது. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வெற்றி வாய்ப்பு என்று வைத்தாலும் மூன்றும் சேர்ந்து ஜெயிக்க 34 சதவீதம்தான். சின்ன வயதிலிருந்து சுவர் ஏறியே பிழைத்த ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு! ஒரு ஸ்லாட் போனது உண்மைதான், ஆனாலும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவது, மந்திரம் இருந்தால் நடக்கும், இல்லையென்றால் நடக்காது என்பதுதான். இந்தப் பாடத்தை விதிப்புத்தகம் சொல்லிக்கொடுக்கவில்லை, டிஎம் சொல்லிக்கொடுக்கிறார்.

ஆகவே சில பழக்கங்களை வளர்த்துக்கொள்ளுங்கள். ஒரு காரியத்துக்கு ஒரு உருட்டல், அதற்கு மேல் வேண்டாம். அவசரமும் ஆபத்தும் இல்லாத இடத்தில் பயிற்சி உள்ளவர் சாதாரணப் பூட்டைத் திறந்தால் உருட்டவே சொல்லாதீர்கள், திறந்தது என்று சொல்லிவிடுங்கள். தோற்றாலும் கதவு அப்படியே மூடிக் கிடக்க வேண்டியதில்லை: பூட்டு திறந்தது, ஆனால் கருவி உடைந்தது, அல்லது காவலன் திரும்பிப் பார்த்தான். ரோக்குக்கு ரிலையபிள் டேலண்ட் என்று ஒன்று வரும் (2014-இல் பதினோராம் லெவல், 2024-இல் ஏழாம் லெவல்), பயிற்சி உள்ள செக்கில் (திறமைச் சோதனை உருட்டலில்) பகடையில் 9 அல்லது அதற்குக் கீழே விழுந்தாலும் 10 ஆகக் கொள்ளலாம். அந்த லெவலுக்கு வந்த ரோக்கிடம் டிசி 15 பூட்டைக் காட்டி உருட்டச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஃபைட்டரும் பார்பேரியனும் பேச்சு நடக்கும் இடத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள், ஏனென்றால் கரிஸ்மா (பேச்சு வசீகரம்) குறைவு. இன்டிமிடேஷனை (மிரட்டலை) ஸ்ட்ரெங்த் வைத்து உருட்ட விடலாம், அது விதிப்புத்தகத்திலேயே விருப்ப விதியாக இருக்கிறது. இன்னொரு வழி, அவர் யார் என்பதை உலகம் அறிந்திருக்கட்டும். சோல்ஜர் பின்னணி எடுத்தவருக்கு 2014 விதியில் ராணுவப் பதவி உண்டு, பழைய படையைச் சேர்ந்த வீரர்கள் அவர் சொல்லுக்கு மரியாதை கொடுப்பார்கள். கோட்டை வாசலில் இருக்கும் காவலர் தலைவன் விசார்டைப் பார்த்து முகம் சுளித்து, ஃபைட்டரைப் பார்த்து விறைப்பாக நிற்கட்டும். ஒரு ஸ்லாட்டும் செலவாகாமல் கதவு திறக்கும். 2024 விதியில் ஃபைட்டருக்கு டாக்டிகல் மைண்ட் இருக்கிறது, தோற்றுப்போன எபிலிட்டி செக்கில் செகண்ட் விண்டைச் செலவழித்து 1டி10 கூட்டிக்கொள்ளலாம், அப்போதும் தோற்றால் செலவு கணக்கில் வராது. நிறைய ஃபைட்டர்கள் இதை வைத்துக்கொண்டு மறந்துவிடுகிறார்கள், ஞாபகப்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: சண்டைக் களத்தை மாற்றுங்கள்

எதிரிகளைக் கும்பலாக ஒரே மூலையில் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான், இதில் பாதி முடிந்தது. மூன்று பேர் முன்னால், இரண்டு பேர் மாடியில் வில்லோடு, இரண்டாவது ரவுண்டில் பின் கதவு வழியாக இன்னும் மூன்று பேர். முதல் டர்னில் ஃபயர்பால் போட்டால் மூன்று பேர் போவார்கள், மீதி ஐந்து பேர் இருக்கிறார்கள். அலையலையாக வரும் எதிரிகள் இருந்தால் விசார்ட் எப்போது போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

"எல்லோரையும் கொல்" என்பதைத் தவிர வேறு நோக்கம் வையுங்கள். ஐந்து ரவுண்டு வாசலைப் பிடித்து நிற்க வேண்டும், அல்லது கிணற்றில் விழுந்த பையனை மேலே இழுக்க வேண்டும், அல்லது கொடியை ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக வேண்டும். குறுகலான வழியில் நின்று அடி வாங்கிக்கொண்டே திருப்பிக் கொடுப்பதில் ஃபைட்டருக்கு இணை இல்லை.

தனியாக நிற்கும் ஒரு பெரிய பாஸ் என்றால் ஆளை அசையாமல் கட்டிப்போடும் ஒரு ஹோல்ட் மான்ஸ்டரிலேயே சண்டை முடிந்துவிடும். லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் இருக்கிற மான்ஸ்டரைத் தேர்ந்தெடுங்கள், அது நாளுக்கு மூன்று முறை தோற்றுப்போன சேவ் உருட்டலை வெற்றியாக்கிக்கொள்ளும். ஆனால் மந்திரம் போட்டவருக்கு "ஒன்றும் நடக்கவில்லை" என்று மட்டும் சொல்வது சலிப்பு. என் பரிந்துரை: ஒவ்வொரு முறை அதைப் பயன்படுத்தும்போதும் மான்ஸ்டர் ஏதாவது இழக்கட்டும், அந்த ரவுண்டில் நகர முடியாமல் போகட்டும். விசார்ட் டிராகனைத் தரையில் நிறுத்தினார், ஃபைட்டர் போய் வெட்டினார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வாராவாரம் மந்திரம் வேலை செய்யாத அறை, ஒவ்வொரு எதிரியிடமும் மந்திரத்தை ரத்து செய்யும் கவுன்டர்ஸ்பெல். கதையில் காரணம் இருந்தால் எப்போதாவது ஒரு முறை வரலாம். சில சண்டைகளில் எதிரிகள் முட்டாள்தனமாகக் கும்பலாகவும் நிற்கட்டும். ஃபயர்பால் கற்றவருக்கு அதைப் போடும் மகிழ்ச்சி கிடைக்க வேண்டும்.

ஆறாம் படி: ஃபைட்டருக்குக் கொடுங்கள்

பறிப்பதைவிடக் கொடுப்பது மேசையில் எப்போதும் நல்லது. 2024 விதிகளின் வெப்பன் மாஸ்டரியை எடுத்து 2014 கேம்பெயினில் அப்படியே போட்டுக்கொள்ளலாம், சிரமமே இல்லை. ஒரு ஆயுதம் எதிரியைக் கீழே தள்ளும், இன்னொன்று 10 அடி பின்னால் தள்ளும், இன்னொன்று எதிரியின் அடுத்த தாக்குதலுக்குப் பாதகம் கொடுக்கும், கிரேட்ஸ்வோர்ட் தவறினாலும் கொஞ்சம் டேமேஜ் விழும். ஸ்லாட் கிடையாது, நாள் முழுக்கச் செய்யலாம். "அடிக்கிறேன், மறுபடி அடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒவ்வொரு டர்னிலும் ஒரு முடிவு எடுக்கக் கிடைக்கிறது. புத்தகம் இல்லையென்றால், இரண்டு வெட்டில் ஒன்றை விட்டுவிட்டு எதிரியை ஷவ் செய்யலாம் (தள்ளலாம்), பிடிக்கலாம் என்ற 2014 விதியையாவது எல்லோருக்கும் நினைவூட்டுங்கள். ஆட்டக்காரர் சரவிளக்கில் தொங்கிப் பாய விரும்பினால் தனி உருட்டல் கேட்டுத் தண்டிக்காமல், தாக்குதல் பட்டால் அந்த விளைவும் சேர்ந்து நடக்கட்டும்.

மாயப் பொருட்களை எதிரியின் புதையல் பெட்டியிலிருந்து குருட்டாம்போக்கில் எடுத்துக் கொடுக்காதீர்கள். யாருக்கு என்ன இல்லை என்று பாருங்கள். பறக்கும் எதிரியைக் கிரேட்ஸ்வோர்ட் எட்டாது, அதற்கு விசார்டின் ஃப்ளையை நம்பினால் அது கான்சென்ட்ரேஷன், விசார்ட் அடிபட்டால் ஃபைட்டர் கீழே விழுவார். விங்ட் பூட்ஸ் (சிறகுக் காலணி) கொடுத்தால் நாலு மணி நேரம் சொந்தக் காலிலேயே பறப்பார். ஆளுக்கு மூன்று பொருள்தான் அட்யூன் செய்ய (தன்னோடு பிணைத்துக்கொள்ள) முடியும் என்பதால் ஒருவரிடமே எல்லாம் குவியாது.

நிலமும் ஆட்களும்கூடப் பரிசுதான். 1978-இல் வந்த அட்வான்ஸ்டு பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ஒன்பதாம் லெவல் ஃபைட்டர் கோட்டை கட்டினால் படைவீரர்கள் தாமாக வந்து சேர்வார்கள். விசார்டுகள் உலகத்தையே மாற்றத் தொடங்கும் லெவலில் ஃபைட்டருக்கு ஒரு படை இருந்தது. பிற்காலப் பதிப்புகளில் இது கரைந்துபோனது எனக்கு வருத்தம்தான், ஆனால் உங்கள் மேசைக்கு அதைத் திரும்பக் கொண்டுவர யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பழைய பதிப்புகள் இந்தச் சிக்கலை வேறு வேறு விதமாகச் சமாளித்தன என்பதையும் தெரிந்துவைப்பது நல்லது. 1981 பேசிக் விதிகளில் இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,200 அனுபவப் புள்ளி போதும், ஃபைட்டருக்கு 2,000, மேஜிக் யூசருக்கு 2,500. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லோருக்கும் ஒரே அட்டவணை ஆக்கியது, இடைவெளி பெரிதானது. 2008-இல் நாலாம் பதிப்பு எல்லா வகுப்புக்கும் எப்போதும், சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை என்று ஒரே அமைப்பைக் கொடுத்தது. சமநிலை வந்தது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் குறைப்பட்டார்கள். அந்தக் குறையில் உண்மை உண்டு, ஃபைட்டரை இன்னொரு விசார்டாக மாற்றுவது தீர்வாகாது.

ஏழாம் படி: குறிப்பிட்ட மந்திரம் தொந்தரவு என்றால்

எல்லாம் செய்த பிறகும் ஒன்றிரண்டு மந்திரம் உறுத்தலாம். 2014 கன்ஜூர் அனிமல்ஸ் எட்டு ஓநாய்களை இறக்கினால் அந்த ஒருவரின் டர்ன் மட்டும் பத்து நிமிடம் ஓடும். எந்த விலங்கு வரும் என்பதை டிஎம் முடிவு செய்யலாம், அல்லது 2024 வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம், அதில் தனித்தனி விலங்குகளே கிடையாது. எதிரியை அடைத்துவிடும் கூண்டு மந்திரமான 2014 ஃபோர்ஸ்கேஜுக்குக் கான்சென்ட்ரேஷன் வேண்டாம், 2024-இல் வேண்டும், அந்தத் திருத்தம் நியாயமானது. உணவும் தண்ணீரும் தேடுவதே கதை என்றால் குட்பெரி பத்துப் பழத்தில் பத்துப் பேருக்கு ஒரு நாள் சாப்பாடு போட்டுவிடும், அதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

மாற்றுவதானால் அமர்வின் நடுவில் மாற்றாதீர்கள். முடிந்த பிறகு அந்த ஆட்டக்காரரிடம் தனியாகப் பேசி, காரணத்தைச் சொல்லி, அந்த மந்திரத்துக்குப் பதில் வேறொன்றை இலவசமாக எடுத்துக்கொள்ள விடுங்கள்.

அதற்கும் முன்னால் ஃபைட்டர் ஆடுபவரிடம் கேளுங்கள், அவருக்கு உண்மையிலேயே குறை இருக்கிறதா என்று. சிலருக்கு ஒரே ஒரு பெரிய வாள், கணக்கு இல்லாத ஆட்டம், நண்பர்களோடு ஒரு மாலை, அதுதான் வேண்டும். அவருக்காக நீங்கள் விசார்டை வெட்டிக்கொண்டிருந்தால் இருவருக்குமே நஷ்டம். குறை இருந்தால் எங்கே என்று கேளுங்கள். சண்டையில் என்றால் இரண்டாம் படி, ஐந்தாம் படி. சண்டைக்கு வெளியே என்றால் நாலாம் படி.

எந்த லெவல் வரை போவது

முதல் நாலு லெவலில் விசார்டுக்கு எதுவும் செய்ய வேண்டாம். முதல் லெவலில் கான்ஸ்டிட்யூஷன் +2 இருந்தாலும் அவருக்கு எட்டு ஹிட் பாயிண்ட், இரண்டு ஸ்லாட், ஒரு நல்ல வெட்டில் கீழே விழுவார். 2014 ஸ்லீப் அப்போது பயங்கரமாகத் தெரியும், 5டி8 ஹிட் பாயிண்ட் அளவுக்குத் தூங்க வைக்கும், ஏழு ஹிட் பாயிண்ட் காப்ளின் மூன்று பேர் சாய்வார்கள். பதற வேண்டாம், ஐந்தாம் லெவலில் அது தானாகவே செல்லாக்காசாகிவிடும்.

ஐந்து முதல் பத்து வரை மேலே சொன்னவை நன்றாகவே வேலை செய்யும். பதினொன்றுக்கு மேல் கடினம், பதின்மூன்றில் டெலிபோர்ட்டும் சிமுலேக்ரமும் வரும்போது நீங்கள் வரைந்து வைத்த பயணப் பாதை பயனற்றுப் போகும், பதினேழில் நினைத்ததை நடத்தும் விஷ். அங்கே சமநிலை தேடாமல், ஃபைட்டருக்குப் படை, பதவி, புகழ்பெற்ற ஆயுதம் என்று உலகத்தின் மீது பிடி கொடுப்பதுதான் வழி. முதல் கேம்பெயின் நடத்துகிறீர்கள் என்றால் பத்தாம் லெவலில் முடிகிற மாதிரிக் கதையைத் திட்டமிடுங்கள், அதை முதல் நாளே ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் பதினேழாம் லெவல் விஷ்ஷை மனதில் வைத்து யாரும் கேரக்டர் கட்ட மாட்டார்கள்.